ஆணியில் தொங்கிய சாவி

என் தங்கையின் மகன் பிறந்த நாள் தொட்டு என்னிடம் வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதையும் நான் மறுத்துவிட்டேன். அந்த மறுப்பைப் பற்றியும், பதினைந்து மாதங்கள் கழித்து நான் இசைந்ததைப் பற்றியும், இசைந்த அன்று இரவு நான் நடந்துகொண்ட முறையைப் பற்றியும் இம்மாதம் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. வளர்ந்த பிள்ளையும் அவன் கண் வைத்திருக்கும் வாகனமும் ஒரே கூரையின்கீழ் உள்ள இல்லங்கள் நம் பங்குகளில் பல இருக்கின்றன. ஆகவே இது என் வீட்டுக் கதை மட்டும் அன்று.

அவன் கேட்டது என் காரை. 1966-ஆம் ஆண்டில் என் தந்தையார் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு அது. இளைய வாசகர்கள் அப்பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயருடன் வெளிவந்த வண்டியை, 1961 முதல் சென்னையிலேயே செய்து விற்றார்கள். இரண்டே கதவுகள், 948 கன சென்டிமீட்டர் இயந்திரம், முன்மூடியைத் தூக்கினால் சக்கரங்களின் மேலுள்ள தகடுகளும் கூடவே எழுந்து, வண்டி முழுதும் வாயைத் திறந்தாற்போல் முன்புறம் சாயும். மிக்கலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த வடிவம் அது. இதே வண்டியின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே மனிதர் வடிவம் வரைந்து, 1962-இல் வெளிவந்ததுதான் ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார். ஆகவே எங்கள் வண்டியை ஸ்போர்ட்ஸ் காரின் அக்காள் என்று நான் ஊரெல்லாம் பெருமை பேசுவது முழுப் பொய் அன்று.

தந்தையாரின் மறைவுக்குப் பின் அது நெடுங்காலம் கொட்டகையில் கோழிகளுக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்தது. பணி ஓய்வு பெற்றபின் இரண்டு ஆண்டுகள் அதனோடு போராடினேன். சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளில் உதிரிப் பாகம் தேடி அலைந்த கதையைத் தனியே எழுதலாம். சிவப்பு வண்ணம் பூசி, முன்னும் பின்னும் இருக்கைப் பட்டை பொருத்தி, பங்குத் தந்தையை அழைத்து மந்திரித்து, புனித கிறிஸ்டோபரின் சுரூபம் ஒன்றையும் உள்ளே ஒட்டினேன். (1969-இல் திருச்சபையின் பொது நாட்காட்டி திருத்தப்பட்டபோது அவருடைய திருநாள் அதிலிருந்து எடுக்கப்பட்டது மெய்தான், அவருக்குச் செலுத்தும் வணக்கத்தை எவரும் தடை செய்யவில்லை என்பதை, என்னோடு வாதாடும் அன்பர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.) நாள்தோறும் காலையில் மான்தோல் கொண்டு அதைத் துடைப்பேன். "நாற்பது ஆண்டுகளில் ஒருநாளாவது என் முகத்தை இவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறீர்களா?" என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். நகைச்சுவை என்று எண்ணிச் சிரித்தேன்.

2024-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை முடித்திருந்த மருமகன், தூத்துக்குடியில் நடக்கவிருந்த ஓர் உறவுத் திருமணத்துக்கு அந்தக் காரைத் தானே ஓட்டிச் செல்ல வேண்டும் என்றான். வயது பதினேழரை. எங்கோ யாரிடமோ ஓட்டவும் பழகியிருந்தான். முடியாது என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். அவனுக்குப் பதிலாக என் தங்கை வந்தாள்.

"அண்ணா, அவனுக்குக் காது குத்தும்போது உங்கள் மடியில்தானே வைத்தோம்? தகப்பன் குவைத்தில் கிடக்கிறார். மாமாவை நம்பித்தானே வளர்கிறான்? ஒரு சாவியைக் கொடுக்க உங்களுக்கு மனம் வரவில்லையே!"

சட்டத்தை எடுத்துச் சொன்னேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, பதினெட்டு வயது நிறையாதவர் பொதுச் சாலையில் கார் ஓட்டக் கூடாது. பதினாறு வயதினருக்கு அச்சட்டம் இசைவது 50 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத இருசக்கர வண்டி மட்டுமே. இன்று நம் தெருக்களில் ஓடும் ஸ்கூட்டர்களோ அதற்கு இருமடங்குக்கும் மேற்பட்டவை. 2019-இல் செய்த திருத்தம் இன்னும் கடுமையானது. வயது நிறையாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றத்துக்கு உள்ளானால், அவனுடைய காப்பாளரோ வண்டியின் உடைமையாளரோ குற்றவாளியாகக் கொள்ளப்படுவார். மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதங்களுக்கு இரத்தாகும். அப்பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. இவ்வளவையும் சொன்னேன். தங்கை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சட்டம் பேசுகிறீர்கள், உங்கள் கண் வண்ணத்தின்மேல் அல்லவா இருக்கிறது!" என்று எழுந்து போனாள். இரு வாரங்கள் எங்கள் வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை.

அவள் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. அது அன்று எனக்கு விளங்கவில்லை.

அம்மாதம் 19-ஆம் தேதி விடியற்காலையில் பூனா நகரத்தில் நடந்ததை நாடே அறியும். பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் ஓட்டிய போர்ஷே கார், மோட்டார் சைக்கிளில் சென்றுகொண்டிருந்த ஓர் இளைஞரையும் ஓர் இளம் பெண்ணையும் மோதிக் கொன்றது. இருவரும் பொறியாளர்கள். சிறுவன் மது அருந்தியிருந்தான் என்பது காவல் துறையின் குற்றச்சாட்டு. அன்றே பிணையில் விடப்பட்டான். சாலை விபத்துகளைப் பற்றி 300 சொற்களில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்பது பிணைக்குரிய நிபந்தனைகளுள் ஒன்று. நாடு கொதித்தது; அந்த ஆணை பின்னர் மாற்றப்பட்டது; தந்தையும் கைதானார். செய்தி வந்த மறுநாள் என் தங்கை தொலைபேசியில் அழைத்து, "சாப்பிட்டீர்களா, அண்ணா?" என்று மட்டும் கேட்டாள். பேச்சு மீண்டது.

நான் சொன்னது சரியாயிற்று என்று மகிழ்ந்தேனா? இல்லை. இருபத்து நான்கு வயதுப் பிள்ளைகளின் உடலைப் பெறுவதற்குத் தொலைவிலிருந்து பயணப்பட்ட பெற்றோர்களை நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொன்றையும் நினைத்தேன். பூனா நமக்குத் தொலைவாக இருப்பதால், செல்வந்தர் வீட்டுக் கொடுமை என்று நாவைச் சப்புக்கொட்டிவிட்டு நாம் போய்விடுகிறோம். நம் கோயில் வாசலுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து பாருங்கள். மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பதினான்கு வயதுப் பையன், தம்பியையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் பின்னே ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து இறங்குகிறான். தலைக்கவசம் இல்லை. திண்ணையில் நிற்கும் தந்தை, "என்னைவிட நன்றாக ஓட்டுவான், சுவாமி" என்று பங்குக் குருவிடமே சொல்கிறார். போர்ஷேக்கும் ஸ்கூட்டருக்கும் விலையில்தான் வேறுபாடு. கொடுத்த கை ஒன்றுதான்.

ஏன் கொடுக்கிறோம்? கிரேக்கர்களின் பழங்கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. உரோமைக் கவிஞர் ஓவிடு விரிவாகப் பாடியிருப்பது. ஃபேத்தன் என்னும் சிறுவனை, "நீ சூரியனின் மகன் என்பது பொய்" என்று தோழன் ஒருவன் இகழ்கிறான். சிறுவன் சூரியனிடமே சென்று, தந்தைதான் என்பதற்குச் சான்று கேட்கிறான். எதைக் கேட்டாலும் தருவதாகச் சூரியன் ஆணையிட்டுவிடுகிறான். "ஒரு நாள் உம்முடைய தேரை நான் ஓட்ட வேண்டும்" என்கிறான் மகன். தந்தை கெஞ்சிப் பார்க்கிறான். இட்ட ஆணையை மீற இயலவில்லை. பழகிய எடை தேரில் இல்லை என்பதைக் குதிரைகள் உணர்ந்துகொள்கின்றன. வழி தவறுகிறது, பூமி எரிகிறது, இறுதியில் இடியால் தாக்குண்டு சிறுவன் ஆற்றில் விழுந்து மடிகிறான். இக்கதையைச் சிறுவனின் ஆணவத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்குத் தந்தையின் குற்றமே பெரிதாகத் தெரிகிறது. இத்தனை ஆண்டுகள் எட்டிப் பாராத தகப்பன், ஒரே நாளில் பாசத்தை மெய்ப்பிக்க முயன்றான். பிள்ளைக்குத் தேரோட்டத் தெரியுமா என்பதை எண்ணிக் கொடுத்தது அன்று அது. தன் கடனைத் தீர்க்கக் கொடுத்தது.

இதை எழுதும்போது குவைத்தில் உழைக்கும் என் மைத்துனரை நினையாமல் இருக்க முடியவில்லை. திருமணத்துக்குக் கார் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டதும், "அவனுக்குப் புது மோட்டார் சைக்கிளே வாங்கிக் கொடுத்துவிடு, பணம் அனுப்புகிறேன்" என்று தங்கையிடம் சொன்னார். நல்ல மனிதர். ஆண்டுக்கு ஒரு மாதம் மகனைப் பார்க்கிறவர். பதினோரு மாதங்களுக்கு ஈடாக எதை அனுப்புவது என்று அவர் தவிக்கிறார். பணம் வந்தது. தங்கை அதைப் பையனின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்துக்கொண்டாள். அது அவளுடைய பெருந்தன்மை.

ஆயினும், வாசக அன்பர்களே, கொடாமல் இருப்பதே வெற்றி என்று நான் முடித்துவிட்டால் அது பாதி உண்மையே. என் தந்தையார் என்னை அந்தக் காரின் ஓட்டுநர் இருக்கையில் ஒருநாளும் உட்காரவிட்டதில்லை. எனக்கு உரிமம் இருந்தது, வேலை இருந்தது, திருமணமும் ஆகியிருந்தது. "பொறு, பார்க்கலாம்" என்பார். 1991-இல் அவர் படுக்கையில் விழுந்தார். மருத்துவரை அழைத்து வர வேண்டிய இரவில், அவர் தலைமாட்டு ஆணியில் தொங்கிய சாவியை நானே எடுத்தேன். அவர் கண் திறந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சாவி என் கைக்கு வந்தது, கொடுக்கப்படவில்லை. முப்பத்திரண்டு வயதில் அந்த வண்டியை முதன்முதலாக ஓட்டிய அன்று எனக்கு மகிழ்ச்சி தோன்றவே இல்லை. மத்தேயு நற்செய்தியில் வரும் தலைவன் தன் உடைமைகளை ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டு நெடும்பயணம் போய்விடுகிறான் அல்லவா? தாலந்தைப் புதைத்து வைத்த ஊழியனைப் பற்றி நாம் பல பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். ஒப்படைக்கவே மனமில்லாமல் வாசலில் காவல் நிற்கும் தலைவனாக என் தந்தையார் இருந்தார். நானும் அப்படியே ஆகிக்கொண்டிருந்தேன்.

புனித தொன் போஸ்கோவைப் பற்றிச் சலேசிய சபையார் வழிவழியாகச் சொல்லிவரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1855-ஆம் ஆண்டு. தூரின் நகரத்தில் இளங்குற்றவாளிகளை அடைத்து வைத்திருந்த சிறைக்கு அவர் அடிக்கடி செல்வார். தவக்காலத்தில் அவர்களுக்குத் தியானம் கொடுத்து முடித்தபின், அத்தனை பேரையும் ஒருநாள் வெளியே ஸ்துப்பினீஜி என்னும் ஊருக்கு உலாவ அழைத்துச் செல்ல அனுமதி கேட்டார். சிறை அதிகாரி திகைத்தார். விண்ணப்பம் அமைச்சர் இரத்தாட்சி வரை சென்றது. அமைச்சர் இசைந்தார், ஆனால் மாறுவேடத்தில் காவலரை உடன் அனுப்புவதாகச் சொன்னார். காவலர் ஒருவரும் வேண்டாம் என்பதே தொன் போஸ்கோவின் வேண்டுகோள். முந்நூறு பேருக்கு மேல் சென்றார்கள். மாலையில் ஒருவர் குறையாமல் திரும்பி வந்தார்கள்.

இந்நிகழ்ச்சியைக் கேட்கும்போதெல்லாம் அந்த ஒரு நாளின் துணிவைத்தான் வியந்துவந்தேன். அதற்கு முன்னே அவர் அச்சிறைக்கு எத்தனை முறை சென்று, எத்தனை பையன்களின் பெயரைக் கேட்டு, எத்தனை பேரின் பாவசங்கீர்த்தனத்துக்குக் காது கொடுத்திருப்பார் என்பதை அண்மையில்தான் எண்ணிப் பார்த்தேன்.

ஆகவே மருமகனை அழைத்தேன். "பதினெட்டு நிறையும்வரை சாலையில் சக்கரம் உருளாது. ஆனால் சனிக்கிழமைதோறும் கொட்டகைக்கு வா" என்றேன். முதல் வாரம் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூன்றாம் வாரம் முதல், நான் எழுமுன்னரே வந்துவிட்டான்.

அந்த வண்டியில் கற்பதற்கு நிறைய இருந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் அடிமூட்டுக்குக் கிரீசு இடக் கூடாது. கியர் எண்ணெய்தான் இட வேண்டும். மறந்து விட்டுவிட்டால் உள்ளே தேய்ந்து, ஒருநாள் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். முதல் கியர், வண்டி முற்றும் நின்ற பின்னரே விழும். ஓடும்போது தள்ளினால் பற்கள் அலறும். எல்லாவற்றையும்விட முக்கியமானது பின்சக்கரங்களின் அமைப்பு. அவை ஊஞ்சல்போல் அசையும் அச்சுகளில் பொருந்தியவை. வளைவுக்குள் வேகமாக நுழைந்து, நடுவழியில் அச்சப்பட்டு ஆக்சிலரேட்டரை விட்டாலோ பிரேக்கை அழுத்தினாலோ, வெளிப்புறச் சக்கரம் உள்நோக்கி மடங்கும். வண்டியின் பின்பகுதி விலகிச் சுழன்றுவிடும். வேகத்தை வளைவுக்கு முன்னரே குறைத்துவிட வேண்டும். காகிதத்தில் படம் வரைந்து காட்டினேன். அவன் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

அக்டோபரில் பதினெட்டு நிறைந்தது. பழகுநர் உரிமம் எடுத்தான். நம் நாட்டில் அதற்குப் பின் முப்பது நாள் கழிந்தால் தேர்வுக்குப் போகலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சு மாநிலத்தில் இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்கள், பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்து 120 மணி நேரம் ஓட்டியதைக் குறிப்பேட்டில் எழுதிக் காட்ட வேண்டும். அதில் 20 மணி நேரம் இரவில். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், புதிய இளம் ஓட்டுநர் நண்பர்களை ஏற்றிச் செல்லவும் நள்ளிரவில் ஓட்டவும் முதற்சில மாதங்கள் தடை உண்டு. ஒத்த வயதுத் தோழர் கூட்டம் வண்டிக்குள் இருந்தால் ஆபத்து மிகும் என்பதை அவர்கள் பட்டறிந்து சட்டம் செய்திருக்கிறார்கள். டிசம்பரில் மருமகனுக்கு முழு உரிமமும் கிடைத்துவிட்டது. நான் விடவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வாங்கி, "அறுபது மணி நேரம்" என்று மேலே எழுதிக் கொடுத்தேன். நூற்றிருபது என்று எழுத எனக்கே துணிவு வரவில்லை; அத்தனை நேரம் பக்கத்தில் உட்கார வேண்டியவன் நான்.

பக்கத்தில் உட்காருவது எளிதன்று. என் காலடியில் இல்லாத பிரேக்கை நான் அழுத்திய அழுத்தலில் முழங்கால் வலி கண்டது. "இடது, இடது! கல்! மாடு! கியரை மாற்று!" என்று ஓயாமல் கத்துவேன். ஒருநாள் சீவலப்பேரிச் சாலையில் அவன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

"மாமா, நான் சாலையைப் பார்க்கிறேன். நீங்கள் காரைப் பார்க்கிறீர்கள். இரண்டில் ஒருவர் சொல்வதைத்தான் இந்தக் கை கேட்க முடியும்."

கோபம் வந்தது. சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, "சரி, எடு" என்றேன். அன்று வீடு வந்து சேரும்வரை வாய் திறவாமல் செபமாலை சொன்னேன். பின்னர் வந்த வாரங்களில் செபமாலையும் குறைந்தது. சன்னலுக்கு வெளியே வயல்களைப் பார்க்கத் தொடங்கினேன்.

நம் பழைய ஞானோபதேசத்தில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று மூன்று புண்ணியங்களைப் படித்திருக்கிறோம். இனி வருவதை எதிர்நோக்குவதற்கும் நம்பிக்கை என்கிறோம்; ஒருவனிடம் ஒன்றை ஒப்படைப்பதற்கும் நம்பிக்கை என்கிறோம். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் அமைந்திருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பிள்ளையை நம்புகிறேன் என்றால், அவன் தவறவே மாட்டான் என்று எனக்குத் தெரியும் என்பது பொருளன்று. தெரிந்திருந்தால் அது கணக்கு.

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5. தூத்துக்குடிப் பனிமய அன்னையின் திருநாள். என் தாயாருக்கு எண்பத்தாறு வயது. அன்னையின் ஆலயத்தை இன்னொரு முறை பார்த்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ பத்து நாட்களுக்கு முன்புதான் கண்புரை அறுவை சிகிச்சை நடந்திருந்தது. ஓட்டவும் கூடாது, கூட்டத்துக்குள் போகவும் கூடாது. வாடகைக் கார் பேசலாம் என்று மருமகன்தான் சொன்னான். அவன் வாயால் கேட்கவில்லை. ஓராண்டுக்கு முன் கேட்டதோடு சரி. நோட்டுப் புத்தகத்தில் அறுபத்து மூன்று மணி நேரம் ஏறியிருந்தது. சாவியை ஆணியிலிருந்து எடுத்து அவன் கையில் வைத்தேன். "ஆச்சியை முன்னிருக்கையில் உட்கார வை. பட்டையைப் போட்டுவிடு" என்று மட்டும் சொன்னேன். வேறு இருபது புத்திமதிகள் நாவின் நுனிவரை வந்தன.

பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடி ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். அன்று அது எனக்கு ஐந்நூறாக நீண்டது. வல்லநாட்டுப் பாலத்தை இப்போது கடந்திருப்பார்கள், இப்போது திருநாள் கூட்டத்துக்குள் நுழைந்திருப்பார்கள் என்று ஒற்றைக் கண்ணால் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அழைக்கக் கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லி, கருவியை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டாள்.

இரவு ஏழரை மணிக்கு வந்துவிட்டார்கள். வண்டியை அவன் கொட்டகைக்குள் கொண்டுபோகவில்லை. தெருவிளக்கின் நேர்கீழே நிறுத்தினான். இறங்கியவன் நேரே என்னிடம் வந்தான்.

"மாமா, இடதுபக்கப் பின்தகடு நசுங்கிவிட்டது. வண்டிகள் நிறுத்தும் இடத்தில் பின்னே எடுக்கும்போது சிமெண்டுத் தூணைக் கவனிக்கவில்லை. நான்தான் இடித்தேன். வேறு எவர்மேலும் பிழை இல்லை."

நான் என்ன செய்தேன்? இதைச் சொல்லத்தான் இத்தனை பத்திகள் எழுதினேன். கைவிளக்கை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்புறம் ஓடினேன். குனிந்து, நசுங்கிய இடத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரு சாண் நீளம். வண்ணம் உரிந்து தகரம் தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் குனிந்திருந்தேனோ தெரியவில்லை. நிமிர்ந்தபோது, முன்கதவுப் பக்கம் என் தாயார் இறங்க முடியாமல் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருமகன்தான் சென்று கைகொடுத்து இறக்கினான். எண்பத்தாறு வயதுத் தாய் நலமாகத் திரும்பி வந்தாரா என்று கேட்பதற்கு முன்னே, தகரத்துக்கு விளக்குப் பிடித்த மகன் நான். அதைப் பையன் பார்த்தான். என் மனைவியும் பார்த்தாள்.

மறுநாள் அம்மா என்னை அருகே அழைத்து ஒன்று சொன்னார். வரும் வழியெல்லாம் என் தங்கை மகனிடம், "வேன்காரன் ஒருவன் இடித்துவிட்டு ஓடிவிட்டான் என்று சொல்லிவிடு; மாமாவால் தாங்க முடியாது" என்று சொல்லிக்கொண்டே வந்தாளாம். அம்மாவும், "நான் பேச்சுக் கொடுத்ததால்தான் கவனம் தவறியது என்கிறேன்" என்றாராம். தெய்வச்செயல்புரத்தில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது அவன் சொன்னானாம்: "மாமா ஓராண்டாகப் பக்கத்தில் உட்கார்ந்தார், ஆச்சி. பொய் சொன்னால் இனி அவர் முகத்தைப் பார்க்க முடியாது."

அவனால் என் முகத்தைப் பார்க்க முடிந்தது. அந்த வாரம் முழுவதும் அவன் முகத்தைப் பார்க்கத் தயங்கியவன் நான்தான். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அங்கே பேசியது எனக்கும் குருவுக்கும் இடையே.

அதன்பின் மூன்று வாரங்கள் அவன் சாவியைத் தொடவில்லை. நான் கோபமாக இருப்பதாக எண்ணியிருக்கிறான். ஒரு மாலையில் நானே அவன் வீட்டுக்கு நடந்து சென்றேன். "அன்று நீ உண்மையைச் சொன்னாய். நான் காரைப் பார்க்க ஓடினேன். அது தவறு" என்றேன். அறுபத்தாறு வயதில் பத்தொன்பது நிறையாத பிள்ளையிடம் இதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லிப் பார்த்தவர்களே அறிவார்கள். அவன் எழுந்து நின்றுகொண்டு, "பரவாயில்லை, மாமா" என்றான். தங்கை அடுக்களைக்குள் போய்விட்டாள். பிறகு அவன், "டிங்கரிங் செலவில் பாதி நான் தருகிறேன்" என்றான். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்து, அடக்கிக்கொண்டேன். அவனுடைய பாதியை மறுத்தால், இடித்தது அவன் அன்று என்று ஆகிவிடும்.

மூன்று சனிக்கிழமைகள் டிங்கரிங் பட்டறையில் நின்று, தகட்டைத் தட்டி எடுக்கும்போது பிடித்துக்கொண்டான். வண்ணம் முழுதும் ஒத்துப் போகவில்லை. வெயிலில் நிறுத்தினால், இடதுபுறப் பின்பகுதி சற்று வேறு சிவப்பாகத் தெரியும். முழு வண்டிக்கும் மறுபடி பூசிவிடலாம் என்று பட்டறைக்காரர் சொன்னார். இருக்கட்டும் என்றேன்.

அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மைத்துனர் குவைத்திலிருந்து விடுமுறையில் வந்தார். காலை இரயிலில் திருநெல்வேலிச் சந்திப்புக்கு வந்து சேருவதாகச் செய்தி. முன்தினம் மாலையே மருமகன் கொட்டகைக்கு வந்து, எண்ணெய் பார்த்து, சக்கரங்களுக்குக் காற்றுப் பிடித்து, வண்டியைக் கழுவி வைத்தான். நானும் வரலாமா என்று கேட்டேன்.

"வாருங்கள், மாமா. ஆனால் முன்னிருக்கை அப்பாவுக்கு" என்றான்.

நான் பின்னிருக்கையில் உட்கார்ந்தேன்.